பெட்டியைத் திறக்காத வைத்தியர்

தேனீ வளர்ப்பவர்களில் ஒரு தனி ரகம் உண்டு, வாசகரே. பெட்டியைத் திறக்கவே மாட்டார். திறந்து பார்ப்பவரையெல்லாம் திருத்துவார். விஷ மருந்து என்று யாராவது வாயெடுத்தால் போதும், காதைப் பொத்திக்கொண்டு, "பூச்சியை இயற்கை பாத்துக்கும் சார்!" என்பார். ஏன், இயற்கை என்ன இவர் வீட்டுச் சமையல்காரரா?

நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்களேன். மாடியில் நான்கு பெட்டி வைத்திருந்தார். மூன்றில் அந்துப்பூச்சி முட்டையிட்டு, புழு மெழுகடையைத் தின்று, நூலாம்படை கட்டி, தேனீக்கள் "போதுமடா சாமி" என்று பறந்தே போய்விட்டன. மிச்சமிருந்த நான்காவது பெட்டி மனைவியுடையது. துணிக்கொடியில் வந்து தொங்கிய கூட்டத்தை அந்த அம்மாள் தன் கையாலேயே அள்ளிப் பெட்டியில் வைத்திருந்தார்.

அதிலும் புழு வந்துவிட்டது.

"என்னங்க, அடிப்பலகையில புழு நெளியுது. சுரண்டிக் கழுவிடட்டுமா?"

"தொடாதே! படை வருது."

படை ஒரு பாக்கெட்டில் வந்தது. புழுவைக் கொல்லும், தேனீயைத் தொடாத நுண்ணுயிரி. கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் அந்தப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண் பரிசோதனைக்கு வந்தவர்களையெல்லாம் நாற்காலியில் உட்காரவைத்து, எழுத்துப் பலகையைக் காட்டுவதற்குப் பதிலாக நுண்ணுயிரியின் பெருமையைப் பாடினார். மாடியில் புழுவும் மூன்று நாள் நிம்மதியாகச் சாப்பிட்டது.

நான்காம் நாள் கரைசல் தயாரானது. 'சுத்தமான நீரில் கலக்கவும்' என்று போட்டிருந்ததா? நம்மவர் சுத்தத்தில் யாருக்குக் குறைந்தவர்! தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து, கொதிக்கிற பானையிலேயே பாக்கெட்டைக் கொட்டிக் கால் மணி நேரம் கிண்டி, தெளிப்பானில் ஊற்றி, எதற்கும் இருக்கட்டும் என்று கழிவறை கழுவும் மருந்தில் இரண்டு மூடியும் விட்டார்.

"அது எதுக்குங்க?"

"கிருமி ஒட்டிக்கிட்டா?"

"நீங்க கலக்கறதே கிருமிதானே?"

கடைக்காரர் தெளிப்பானின் மூடியை இறுகத் திருகினார். பிறகு, "அது நல்ல கிருமி," என்றார்.

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணு பெட்டியை வாரிக் குடுத்தாச்சு. இது ஒண்ணுதான் எனக்கு இருக்கு. குடுங்க, நானே அடிக்கிறேன். நீங்க கடைக்குக் கிளம்புங்க."

கிளம்பினார். அம்மாள் பெட்டியைத் திறந்தார். தேனீ மொய்க்காத அடைகளை உருவி, முட்டையும் புழுவும் விறைத்துச் சாகட்டும் என்று ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்தார், அடிப்பலகையைச் சுரண்டினார், இடுக்குகளை மெழுகால் அடைத்தார், கூட்டத்தை அடை கட்டிய நான்கே மரச்சட்டத்தில் நெருக்கி உட்காரவைத்தார். மீதியைத் தேனீக்களே பார்த்துக்கொண்டன. பத்தாம் நாள் கடைசிப் புழுவை இரண்டு தேனீக்கள் தரதரவென்று வாசலுக்கு இழுத்து வந்து கீழே தள்ளின.

"பாத்தியா என் படையை!" என்று கடைக்காரர் மாடியிலேயே ஒரு குதி குதித்தார். "ஒரே தெளிப்பு! பெட்டியைத் திறக்கக்கூட இல்லை!"

"ஆமாங்க," என்றார் அம்மாள். கூட்டம் பிழைத்துவிட்டது, அந்த சந்தோஷத்தில் அவர் எதற்கும் ஆமாம் போடத் தயாராக இருந்தார்.

கரைசல் எங்கே போயிற்று என்கிறீர்களா? அந்த வீட்டுக் கழிவறை அன்றிலிருந்து கண்ணாடியாய் மின்னுகிறது.

நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், வீட்டாருக்கு நீங்கள் அக்கறையாகக் கலக்கிக் கொடுத்த கஷாயம், உரம், சத்துமாவு எல்லாவற்றையும் ஒரு தடவை நினைத்துப் பார்த்துக்கொண்டு, அப்படியே உங்கள் வீட்டுக் கழிவறைப் பக்கம் போய் எட்டிப் பாருங்கள். ரொம்பப் பளபளப்பாக இருக்கிறதா?