கென்சாகுவோட ஞாயித்துக்கிழமை வண்டி

மோட்டார் சைக்கிள் கதைன்னதும் நிமிந்து உக்காந்துட்டீங்க பாருங்க! மலை வளைவு, எதிர்க்காத்து, பின்சீட்ல தலைமுடி பறக்க ஒரு அழகி. அதானே? மன்னிச்சுக்குங்க. இந்தக் கதையில இன்னிக்குப் பூரா வண்டி வாசலை விட்டு நகராது. காத்து வேணும்னா விசிறிக்குங்க. அழகி உண்டு. ஆனா ஏப்ரன் கட்டியிருப்பா. ஏப்ரன் பாக்கெட்ல கையை விட்டுக்கிட்டு அவ சிரிச்சா, வீட்டுக்காரருக்கு ஏதோ வேட்டு காத்திருக்குன்னு அர்த்தம்.

வீட்டுக்காரர் பேரு மொரோபுஷி கென்சாகு. ஹமாமட்சுவுல பாதிப் பேர் பியானோ செய்வான், மீதிப் பேர் மோட்டார் சைக்கிள் செய்வான். இவர் பியானோ கட்சி. ஃபாக்டரியில சுதி சேர்க்கிற உத்தியோகம். ஒரு கம்பி மயிரிழை இறங்கினாலும், கதவுக்கு அந்தப் பக்கம் நின்னே சொல்லிடுவார். அப்பேர்ப்பட்ட காது! சொந்த வீட்டுல நடக்கிறது மட்டும் அந்தக் காதுல விழாது.

சம்சாரம் தோமோயே அந்தக் கட்சி. கல்யாணத்துக்கு முன்னாடி மோட்டார் சைக்கிள் ஃபாக்டரியில ஒன்பது வருஷம் இருந்தவ. அங்கே உனக்கு என்ன வேலைன்னு இருபத்தாறு வருஷமா இவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. டீ ஊத்திக் குடுத்திருப்பான்னு அவரே முடிவு கட்டிட்டார்.

வண்டி ஷோவா ஐம்பத்து மூணுல, அதாவது 1978ல பொறந்தது. மாமா வீட்டுக் கொட்டகையில கோழி அடை காத்துக்கிட்டிருந்த வண்டி. ரெண்டு வருஷம் முன்னாடி தள்ளிக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தி, "மெக்கானிக் ஒருத்தன் விரல் இதும்மேல படக் கூடாது. என் கையாலயே ஓட வைப்பேன்"னு சபதம் போட்டார். அவருக்கு ஆசை ஒண்ணே ஒண்ணு. ஹமானா ஏரிக்கரை வரைக்கும் தோமோயேவைப் பின்னாடி உக்கார வெச்சு ஓட்டணும். பின்னாடிங்கிறதுல ரொம்பக் குறியா இருந்தார்.

அன்னியிலேர்ந்து எல்லா ஞாயித்துக்கிழமையும் ஆபரேஷன்தான். இஸ்திரி போட்ட நீல உடுப்பு. வெள்ளைக் கையுறை. நியூஸ்பேப்பர் விரிச்சு, ஸ்பேனரெல்லாம் சின்னதுலேர்ந்து பெருசு வரைக்கும் வரிசையா. பாக்கறவங்க, நோயாளி பொழைச்சிடுவான்னுதான் நினைப்பாங்க.

வண்டியில சில அதிசயமும் நடந்தது. ஒவ்வொரு வாரமும் டாங்க்ல பெட்ரோல் குறையும்.

"ஆவியாப் போகுது தோமோயே. பழைய வண்டின்னா அப்படித்தான்."

"அப்படியாங்க! டிசம்பர் மாசத்துல கூடவா?"

"அப்பத்தான் அதிகம்."

டயர்ல ஈர மணல் ஒட்டியிருக்கும். "கடல் காத்து எங்கெங்கேர்ந்து கொண்டு வருது பாரு"ம்பார். ராத்திரி தட்டுல மாய்சாகா துறைமுகத்து மீன், துள்ளத் துள்ள வாங்கினது. ரெண்டு பஸ் மாறிப் போய் வாங்கியாராளேன்னு அவ பொறுமையை நினைச்சு இவர் கண் கலங்குவார். கலங்கிக்கிட்டே ரெண்டாவது துண்டு எடுத்துக்குவார்.

இந்த ஞாயித்துக்கிழமை காலையில தோமோயே டீயைக் கொண்டாந்து வெச்சா.

"ஏங்க, ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னிக்கும் கிளம்பலேன்னா என்ன பண்றதா உத்தேசம்?"

"கிளம்பும்!"

"போன வாரமும் கிளம்பும்னீங்க."

"போன வாரம் சொன்னது வேற கிளம்பும். இது வேற கிளம்பும். சாயங்காலம் ஊர் ஒலிபெருக்கியில அஞ்சு மணிப் பாட்டு போடறதுக்குள்ள இது உறுமலேன்னா, வண்டி உன் பேருக்கு! எடைக்குப் போடு, தொட்டி வெச்சுச் செடி வளர்த்துக்கோ, நான் ஏன்னு கேக்க மாட்டேன்!"

"உறுமிடுச்சுன்னா?"

"தெருவுல நின்னு, என் புருஷன் பெரிய மெக்கானிக்னு மூணு தடவை சொல்லணும்."

"அஞ்சு தடவை சொல்றேங்க," அப்படின்னு ஏப்ரன் பாக்கெட்ல கையை விட்டா.

கார்புரேட்டரைப் பிரிச்சார். ஓட்டை ஓட்டையா தேய்ச்சார்.

"ஏங்க, அது யார் பிரஷ்ஷு?"

"பழைய பிரஷ்ஷு."

"காலையில அதுலதான் பல்லு தேய்ச்சேன்."

"அதான் சொன்னேனே, பழசு."

மாட்டினார். ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. அதைப் பையில போட்டுக்கிட்டு, "இது உபரி"ன்னார். உதைச்சார். டொக்கு. மறுபடி உதைச்சார். டொக்கு. எழுபத்து மூணு டொக்கு ஆனப்போ தோமோயே எட்டிப் பாத்தா.

"ஏங்க, முன்னாடி விளக்கு கூட எரியலையே?"

"ராத்திரியா இப்போ? விளக்கு எதுக்கு?"

"இல்ல, கரண்ட் பக்கம் ஏதாவது..."

"தோமோயே, கரண்ட்டுங்கிறது ஆழமான விஷயம். வாஷிங் மெஷினை ரிப்பேர் பண்ணினவன் நான்."

"ஆமாங்க. அதுலேர்ந்துதான் அது கூடத்துக்கு நடந்து வருது."

பாவம் பாத்து ஒரு சான்ஸ் குடுத்தா. மனுஷன் அதையும் கோட்டை விட்டார். உதைச்சார். முழங்கால் கத்துச்சு, வண்டி கத்தல.

ஊர் ஒலிபெருக்கியில அஞ்சு மணிப் பாட்டு வந்தது. "அரை சுதி கம்மி"ன்னார் கென்சாகு, தரையில உக்காந்தபடி. அடுத்த நிமிஷம் அவர் மடியில ஒரு ஃபாரம், மை டப்பா, கையெழுத்துக்குப் பதிலா குத்தற அவரோட பேர் முத்திரை.

"பேர் மாத்தற ஃபாரமா? இது எப்படி கையோட இருக்கு?"

"மூணு மாசம் முன்னாடியே வாங்கி வெச்சேன். ஊசிப்போற பண்டமா என்ன?"

டொக்குன்னு முத்திரையைக் குத்தினார். அன்னிக்குப் பூரா உருப்படியா விழுந்த டொக்கு அது ஒண்ணுதான்.

தோத்தாலும் மரியாதை தெரிஞ்சவர். அந்தத் தெருவுல ஆணி அடிச்சாலே அக்கம்பக்கத்துக்குப் பலகாரப் பெட்டி கொண்டு போய்க் குனிஞ்சு மன்னிப்புக் கேக்கணும். எழுபத்து மூணு உதைக்கு மேல உதைச்சிருக்கார். அலமாரியில இருந்த பிஸ்கட் பெட்டியை எடுத்தார்.

அப்பத்தான் தோமோயே முகத்துல முதல் தடவையா சிரிப்பு அணைஞ்சது.

"நீங்க ஏங்க போறீங்க? குளிச்சிட்டு வாங்க, நான் குடுத்துக்கறேன்."

"உதைச்சது நான். குனியறதும் நான்தான்."

"நாளைக்குக் குடுத்துக்கலாங்க!"

"மன்னிப்பைத் தள்ளிப் போடறதா?"

சட்டையைப் பிடிச்சு இழுத்தா. நடந்துட்டார். பின்னாலயே ஓடினா. பக்கத்து வீட்டு நாகுரா தாத்தா கதவைத் திறந்தார். எண்பத்து ரெண்டு வயசு. காது மந்தம். அதனால ஊருக்கே காது மந்தம்னு நினைச்சுப் பேசுவார். கென்சாகு இடுப்பை மடிச்சுப் பெட்டியை நீட்டினார்.

"சத்தத்துக்கு மன்னிக்கணும் நாகுரா சான்."

"மறுபடியுமா? இந்த மாசத்துப் பெட்டியைத்தான் உங்க வீட்டம்மா ஒண்ணாந்தேதியே குடுத்துட்டாங்களே!"

"எதுக்கு?"

"வண்டிச் சத்தத்துக்குத்தான்! நீங்க வேலைக்குப் போனதும் பத்து மணிக்கு டுர்ர்ருனு கிளம்புதே, என் காதுக்கே கேக்குதுன்னா பாத்துக்குங்க. மாய்சாகாவுக்குப் போய் எனக்கும் சேர்த்துல்ல மீன் வாங்கியாராங்க! அந்த முக்குல என்னமா சாய்ச்சுத் திருப்பறாங்க! ஃபாக்டரியில ஒன்பது வருஷம் டெஸ்ட் ஓட்டினவங்கன்னா சும்மாவா?"

"தாத்தா, டீ குடிச்சீங்களா?"ன்னா தோமோயே அவசரமா.

"ஆச்சும்மா. வண்டி உன் பேருக்கு வந்தாத்தான் இன்ஷூரன்ஸ்னியே, முத்திரை வாங்கிட்டியா?"

கென்சாகு நிமிரவே இல்லை. குனிஞ்சது குனிஞ்சபடி.

"ஆனா சார், உங்களை ஒண்ணு கேட்டுக்கறேன். ஞாயித்துக்கிழமை நீங்க பிரிச்சதை திங்கக்கிழமை திருப்பிச் சேர்க்கவே அந்தப் பொண்ணுக்கு ஒரு மணி நேரம் ஆகுது. சனிக்கிழமையானா வண்டிக்குக் கரண்ட் போகாம கண்ணாடி ஃப்யூஸைக் கழட்டி ஏப்ரன்ல போட்டுக்குது. கேட்டா, 'அவர் நோண்டறதுக்கு ஏதாவது வேணும் தாத்தா, இல்லேன்னா வாஷிங் மெஷின் பக்கம் போயிடுவாரு'ங்குது. இனிமேலாவது ஸ்க்ரூவைப் பையில போட்டுக்காதீங்க."

கென்சாகு மெல்லத் திரும்பினார். தோமோயே இப்போ அவரைவிடத் தாழக் குனிஞ்சிருந்தா. கை மட்டும் இன்னும் ஏப்ரன் பாக்கெட்டுக்குள்ளயே இருந்தது.

நாகுரா தாத்தா ரெண்டு முதுகையும் மாறி மாறிப் பாத்தார். பெட்டியைப் பிரிச்சு ஒரு பிஸ்கட்டைக் கடிச்சார்.

"இதுக்குப் போய் ஏன் சார் மூஞ்சியைத் தொங்கப் போடறீங்க? பின்சீட் காலியாத்தானே போகுது. வாய் விட்டுக் கேட்டா உங்களையும் ஏத்திக்க மாட்டாங்களா என்ன!"