மூன்று கம்ப்யூட்டரும் ஒரு கரும்பலகையும்

தெரியாத பொருளை வாங்குகிறவன் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் மூன்று வாங்கினேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கிளீனராக ஏறி, நாமக்கல்லில் பதினெட்டு லாரிக்கு முதலாளி ஆனவன் நான். (பெருமை என்பார்கள். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?) எண்பதுகளின் கடைசியில், ஊரில் எந்த லாரி ஆபீஸிலும் இல்லாத கம்ப்யூட்டரை நான்தான் முதலில் இறக்க வேண்டும் என்று ஒரு வெறி.

செய்தி பரவியதும் மச்சான் ஓர் ஆளை அனுப்பினார், பழனிவேல். அவருக்குக் கோபோல் தெரியும். பெரியப்பா அனுப்பிய குமரேசனுக்குப் பேசிக். சேலத்தில் என் பழைய மெக்கானிக்கின் மகன் ஆரோக்கியத்துக்குப் பாஸ்கல். மூன்றும் கம்ப்யூட்டரோடு பேசுகிற பாஷைகளாம். இதில் இருவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் அடுத்த விசேஷத்தில் எனக்குப் பந்தியில் இலை விழுந்திருக்காது. மூவரையும் வைத்துக்கொண்டேன். ஆளுக்கொரு மிஷின் கேட்டார்கள். வாங்கினேன்.

பிறகு பாகப்பிரிவினை. லாரி எங்கே என்பது பழனிவேலுக்கு, டிரைவர்கள் குமரேசனுக்கு, லோடு ஆரோக்கியத்துக்கு. ஒருவர் கணக்கைப் பதிந்துவைத்த பிளாப்பித் தட்டு அடுத்தவர் மிஷினில் நுழையாது. சேதி காகிதச் சீட்டில் எழுதித்தான் போக வேண்டும். "வேணும்னா அவர் வந்து வாங்கிக்கட்டுமுங்க" என்று மூவரும் நாற்காலியை விட்டு எழவில்லை. எனக்கோ மூன்று திரையும் பச்சையாக மின்னினால் போதும்.

அப்போதுதான், வெள்ளோட்டமாக ஒரு லோடு கொடுத்திருந்த ராசிபுரத்து ஜவ்வரிசி ஆலைக்காரர் வந்தார். வருஷம் முழுக்க அவர் லோடு கிடைத்தால் பதினெட்டு லாரிக்கும் ஓட்டம். இல்லையென்றால் பாதி வண்டி ஷெட்டில்தான். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "எதை வேணும்னாலும் கேளுங்க!" என்றேன்.

"நாலு நாள் முன்னால என்ர ஆலைல ஏத்துன லோடு இப்ப எங்கீங்க மாப்ள?"

பழனிவேல் தட்டினார். "லாரி நாக்பூர் தாண்டிருச்சுங்க."

"டிரைவரு?"

குமரேசன் தட்டினார். "லீவுங்க. ஊட்டுல இருக்கறாரு."

"லோடு?"

ஆரோக்கியம் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னும் உங்க குடோன்லதான் இருக்குதுங்க."

ஆலைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "லாரி நாக்பூர்ல, டிரைவர் ஊட்டுல, லோடு என்ர குடோன்ல. அப்ப அந்தக் காலி வண்டிய ஓட்டீட்டுப் போறது ஆருங்க மாப்ள?"

"என்ர மிஷின் சரியாத்தான் சொல்லுதுங்க" என்றார்கள் மூவரும், ஒரே குரலில். மூன்று மாதத்தில் அவர்கள் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பின்கட்டிலிருந்து என் மனைவி வள்ளியம்மாள் கரும்பலகையோடு வந்தாள். தினமும் டிரைவர்கள் டிரங்க் காலில் கூப்பிட்டதும் சாக்பீஸால் எழுதிவைப்பது அவள் பழக்கம். (கம்ப்யூட்டர் வந்த அன்று அந்தப் பலகையைத் தூக்கிப் போடச் சொன்னவன் நான்.)

"அண்ணா, சித்த நில்லுங்க. டிரைவர் சுப்பிரமணி காலைலதான் பேசுனான். லோடோடதான் நாக்பூர் தாண்டியிருக்கறான். நாளன்னிக்கு எறக்கிருவான். லீவு முடிஞ்சு போன வாரமே வந்துட்டானுங்க."

ஒரே வரியில் லாரி, ஆள், லோடு. ஆலைக்காரர் செருப்பைக் கழற்றினார். "லோடு தாரேன் அம்மணி. ஆனா இனி நான் போன் பண்ணுனா நீங்கதான் பேசோணும்."

மறுநாள் வள்ளியம்மாள் மூவரையும் உட்காரவைத்தாள். "ஒரே மிஷினு, ஒரே பாஷை. எந்தப் பாஷைன்னு நீங்களே சண்டை போட்டு முடிவு பண்ணுங்க சாமி. ஆனா திரையில என்ர பலகை மாதிரியே தெரியோணும்." பாஸ்கல் ஜெயித்தது. மற்ற இருவரும் ஆரோக்கியத்திடமே கற்றுக்கொண்டார்கள். மிச்ச இரண்டு மிஷினையும் துணி போட்டு மூடினோம். அவை நல்ல ஸ்டூல் ஆயின.

இன்று எங்களிடம் அறுபது லாரி. ஆனாலும் விசேஷ வீட்டில் நான் கொஞ்சம் யோசனையில் உட்கார்ந்தால் போதும், பேத்தி கேட்பாள்: "ஆத்தா, தாத்தா எங்கே?"

வள்ளியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். "ஒடம்பு இங்க, செருப்பு வாசல்ல, புத்தி நாக்பூர் தாண்டிருச்சு."