காத்து சாரின் வீட்டுச் சாவி

நெய்வேலியில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்கள். காத்து சார் மட்டும் "காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்பார். பதில் தெரியாதவர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடியில் தனியாக இருந்தார். ஆலையில் விஷவாயு கசிந்தால் யார், எந்தப் பக்கம் ஓடுவது என்று திட்டம் போடுவதுதான் உத்தியோகம். அது ஷிப்டோடு முடியவில்லை. தலையணை உறையின் அடியைக் கிழித்து மொட்டைமாடி மூங்கிலில் கட்டி, காற்றின் திசை பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரிடம், "பந்தலுக்கு ஒரே வாசலா? காத்துக்குக் குறுக்கால இன்னொண்ணு வைங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஒத்திகை வைத்தார். ஷிப்டு சங்குக்கே பழகிய வீடுகள். சைரன் கேட்டதும் பெண்கள் டிபன் பாக்ஸை மூடிக் கணவர்கள் கையில் கொடுத்தார்கள். கணவர்களும் ஞாயிறு என்பதை மறந்து பைக்கை உதைத்தார்கள்.

"ஏம்மா, விஷவாயுவுக்குத் தயிர்சாதமா கட்டிக்கினு இருக்கீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகுதான் என் தூக்கத்தைக் கெடுத்தார். அடுத்த தெருவில் குடிநீரைச் சுத்தம் செய்யும் இடத்தில் குளோரின் சிலிண்டர்கள் இருக்கின்றன. "குளோரின் காத்தவிட கனம். தரையோட தரையாத்தான் வரும்."

என் வீடு தரைத்தளம். குழந்தை பால்கனியிலிருந்து விழுந்துவிடுவாளோ என்று பயந்து நானே கேட்டு வாங்கியது.

அடுத்த ஒத்திகையில் கேஸை மூடினேன். மூடினேனா என்று திரும்பிப் பார்த்தேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். தடுப்பூசி அட்டைக்காக ஒருமுறை, பாப்பாவின் தொப்பிக்காக ஒருமுறை உள்ளே ஓடினேன். வெளியே வந்தபோது எல்லோரும் கலைந்துவிட்டிருந்தார்கள். காத்து சார் மட்டும் கடிகாரத்தோடு நின்றிருந்தார்.

"தொப்பி போடற வரைக்கும் காத்து வாசல் கேட்டாண்ட நிக்குமாம்மா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இவள தூக்கிக்கிட்டு எவ்ளோ தூரம் சார் ஓடுவேன்? எங்க வீட்டுக்காரரும் ஷிப்டுக்குப் போயிருந்தா?"

காத்து சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் காலை வாசலில் நின்று ஒரு சாவியை நீட்டினார். "நீங்க ஓடவே வேணாம்மா. ரெண்டு மாடி ஏறுங்க, கதவ சாத்துங்க. இது என் வூட்டு சாவி."

திகைத்துப் போனேன். திருவிழா வசூலுக்கு வருகிறவர்களைக்கூடப் படிக்கட்டிலேயே பேசி அனுப்புகிற மனிதர்.

மனம் கேட்காமல் சாயங்காலம் பாப்பாவோடு ஏறிப் பார்த்தேன். கதவு திறந்தே இருந்தது. ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டியிருந்தது. வாசலோரம் ஒரு வாளித் தண்ணீர், அதில் கதவிடுக்கை அடைக்க ஊறப்போட்ட துண்டுகள். கூடத்தின் நடுவே, கொக்கியில் புத்தம்புதுக் குறிஞ்சிப்பாடி கைத்தறிச் சேலையால் ஒரு தூளி. உள்ளே இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை. கையில் கடிகாரத்தோடு காத்து சார் அதை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"தாங்குதும்மா" என்றார்.

"பாப்பா எட்டு கிலோதான் சார்."

"வளருமில்ல?"