பத்தே நிமிஷத்தில் மஞ்சள்

பத்தே நிமிஷம். மூன்று கண்ணாடிக் குப்பியிலும் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. பூஜிதாவுக்கு அழுகை வந்தது.

கோயமுத்தூர் பார்மசி கல்லூரி ஒன்றில் அவள் மாட்டுப் புண்ணுக்கு மஞ்சளில் மருந்து தயாரித்துக்கொண்டிருந்தாள். ஒரே மருந்தைக் களிம்பு, எண்ணெய், ஜெல் என்று மூன்று விதமாகக் கலந்து, தண்ணீர்க் குப்பியின் வாயில் மாட்டிய ஆட்டுத்தோல் மேல் தடவ வேண்டும். எது வேகமாகத் தோலுக்குள் இறங்குகிறதோ, அதன் அடியில் இருக்கும் தண்ணீர் முதலில் மஞ்சளாகும். நாளைக் காலை தேர்வாளர்களிடம் அந்த வித்தியாசத்தைக் காட்டினால்தான் பட்டம். மூன்றும் ஒரே நேரத்தில் மஞ்சளானால் இரண்டு வருஷ உழைப்பு போச்சு.

தோல் மேல் குறை சொல்ல வழியில்லை. போத்தனூர் கறிக்கடையில் வாங்கியது, ஒரு ரோமம்கூட இல்லாமல் அத்தனை சுத்தம்.

"எதுக்கு அம்மணி அழுவறே? மூணுமே அவ்வளவு வேகம்! எல்லாம் நம்ம கைராசி" என்று மீசையைத் தடவினார் வழிகாட்டிப் பேராசிரியர் பாலகோபால். "மருந்தைப் பாதியாக் கொறைச்சுப் பாரு."

புதுத் தோல் மாட்டி, பாதி மருந்து போட்டாள். அதே மஞ்சள்.

"கால்வாசி போடு."

போட்டாள். இன்னும் அடர்த்தியான மஞ்சள்.

"சார், மருந்தே கலக்காம வெறும் களிம்பை மட்டும் தடவிப் பாக்கட்டுங்களா?"

"தடவு, தடவு."

அதுவும் மஞ்சள். பூஜிதா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பாலகோபால் எழுந்தே நின்றுவிட்டார்.

"மருந்தே இல்லாம தோலுக்குள்ள எறங்கற மருந்து! உலகத்துலயே நாமதான் மொதல்ல!"

"அதெப்படிங்க சார்?"

"எப்படின்னு அப்பறம் எழுதிக்கலாம்."

உடனே கல்லூரி முதல்வருக்கும் தன் கருமத்தம்பட்டிச் சம்பந்திக்கும் அவர் போன் பறந்தது. "ஏனுங்க, நம்மகிட்டப் படிக்கற பொண்ணு ஜெயிச்சுப்போட்டாளுங்க!"

கேட்கக் கேட்கப் பூஜிதாவுக்கே பெருமையாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு வேண்டிய தோலுக்குக் கறிக்கடைக்குச் சொல்லிவிட்டாள்.

கடைக்காரர் மருதாசலமே மொபெட்டில் கொண்டுவந்து கொடுத்தார். வரிசையாக நின்ற மஞ்சள் குப்பிகளைப் பார்த்ததும் அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"பாத்தீங்களா அம்மணி, எப்படி எறங்கியிருக்குதுன்னு! படிக்கற புள்ளை கேக்குதேன்னு, ஒவ்வொரு தோலையும் நெருப்புல வாட்டி, அசல் ஈரோட்டு மஞ்சளை அள்ளிப் பூசி ஊறவெச்சு, அப்பறமில்லீங்க கழுவிக் குடுக்கறேன்!"