யேசுரட்ணம் கட்டிய ஒன்றியம்

இனிமேல் சனிக்கிழமைகளில் விட்பிக்குப் போவதில்லை என்று யேசுரட்ணம் முடிவெடுத்தார். சும்மா எடுத்த முடிவல்ல. இடுப்பில் சாரத்தை இறுக்கிக் கட்டி, சோபாவில் ஏறி நின்று, உரத்த குரலில் எடுத்த முடிவு. மனைவி கிளடிஸ் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் குரல் அவ்வளவு உரமாக வந்தது.

ரொறொன்ரோவுக்கு வெளியே விட்பியில் இருப்பவர் கிளடிஸின் தமையன் அன்புராசா. புது வீடு வாங்கியவர். வாங்கட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் மனுசன் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைச் சுற்றிக் காட்டுவார். போன கிழமை பார்த்த அதே கராஜ். அதே பேஸ்மென்ற். வீட்டைச் சூடாக்கும் அதே ஃபேர்னஸ்.

“மச்சான், கிட்ட வந்து கேளுங்கோ. ஓடுறது தெரியுதே?”

“தெரியேல்லை மச்சான்.”

“அதுதான் மச்சான்! தெரியாது!”

கிழமை முழுக்க மிசிசாகாவில் விமானப் பொதிகளோடு மாரடித்துவிட்டு, சனிக்கிழமை போய் கேளாத சத்தத்தைக் கேட்க வேண்டுமென்றால் எந்த மனுசனுக்குத்தான் பத்தி எரியாது?

கிளடிஸ் மாற்றுவழி வைத்திருந்தார்.

“அப்ப அவையளை இஞ்ச கூப்பிடுவம்.”

“இஞ்சயோ? லிஃப்ற் பழுது.”

“திருத்தி ரெண்டு வருசம்.”

“திரும்பப் பழுதாகும். பார்க்கிங்கும் இல்லை.”

“கீழ வெறுமனே கிடக்கு, பாத்தனான்.”

“உது ஆரோ வரப்போற இடம்.”

வோபர்னில் இந்த அப்பாட்மென்றுக்கு வந்த நாளிலிருந்து இதே கதைதான். தன் சகோதரங்களைத் தன் வீட்டில் இருத்தி, தன் கையால் சோறு போட வேண்டும் என்பது கிளடிஸின் ஆசை. சனிக்கிழமை சாரத்தோடு சோபாவில் சரிய வேண்டும் என்பது யேசுரட்ணத்தின் ஆசை. இரண்டும் ஒரே சனிக்கிழமையில் நடக்காது. இதுவரை ஒன்றுமே நடக்கவில்லை, விட்பிதான் நடந்தது.

வழி காட்டியவர் வேலையிடத்து ஸ்ரீநிவாசன், சென்னைக்காரர். “கம்ப்யூட்டர்லயே கூட்டம் போடலாம் சார். நாலு வீட்டுக்காரங்க ஒரே நேரத்துல டைப் பண்ணிப் பேசிக்கலாம். ப்ரோக்ராம் ஃப்ரீ. அதை எழுதின சோர்ஸ் கோடையே குடுத்திருக்காங்க. நீங்களே பில்ட் பண்ணி, அதாவது கட்டி ஓட்டிக்கலாம், பிடிக்கலேன்னா மாத்திக்கலாம்.”

“ஆரும் மாத்தலாமோ?”

“யார் வேணாலும் சார்.”

யேசுரட்ணத்தின் கண்ணில் ஒளி வந்தது. சொந்தங்கள் சந்திக்கத்தானே வேண்டும்? தாராளமாகச் சந்திக்கட்டும். கொம்பியூட்டருக்குள் சந்திக்கட்டும். சாரத்தோடு சந்திக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது?

அன்று மாலையே ரெலிபோன் வயர் வழியாகப் புரோகிராமை இறக்கத் தொடங்கினார். முக்கால்வாசி வந்தது. கிளடிஸ் அக்காவோடு கதைக்க ரெலிபோனைத் தூக்கினார். முக்கால்வாசியும் போனது.

“ஐயோ கிளடிஸ்! வச்சிடும்!”

“ரெலிபோன் கதைக்கத்தானே வாங்கினது?”

மறுநாள் ரெலிபோனைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு இறக்கி முடித்தார். அதற்குப் பிறகுதான் பாடு தொடங்கியது. ‘கட்டு’ என்று கட்டளை கொடுத்தால் திரை முழுக்கப் பிழை கொட்டியது. அது இல்லை, இது இல்லை, இன்னதைக் காணவில்லை. புது மணப்பெண்ணின் மாமிகூட இவ்வளவு குறை சொல்லியிருக்கமாட்டார். பழைய கொம்பியூட்டரைத் தட்டிமுட்டுச் சாமானுக்குள்ளிருந்து இழுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, வயரால் பொருத்தியும் விட்டார். கட்டி முடிந்தால் பரீட்சித்துப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டுமே! கட்டத்தான் முடியவில்லை.

கிளடிஸ் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“உதில ‘என்னை வாசி’ எண்டு ஒரு ஃபைல் கிடக்கு. வாசிச்சனீங்களே?”

“அது தெரியாத ஆக்களுக்கு.”

“நீங்கள் தெரிஞ்ச ஆளோ?”

கிளடிஸ் கதிரையை இழுத்துப் போட்டு, தலையிலிருந்து கால்வரை வாசித்தார். “முதல் வேற ஒண்டை இறக்கிப் பூட்ட வேணுமாம். பிறகுதான் இது கட்டுப்படுமாம்.”

“எனக்குத் தெரியும். அதைத்தான் செய்ய இருந்தனான்.”

செய்தார். கட்டளை கொடுத்தார். எழுத்துகள் ஓடின, ஓடின, நின்றன. பிழை இல்லை! ஒரேயொரு பிழைகூட இல்லை! யேசுரட்ணம் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹோலைச் சுற்றி ஓடினார். “கட்டிப்போட்டன்! நான் கட்டிப்போட்டன்! உம்மட அண்ணா வீடு வாங்கினவர், நான் கட்டினவன்!”

அங்கே நிறுத்தியிருக்கலாம். யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றார்களே, மாற்றாமல் எப்படி விடுவது? பெயரை ‘யேசுரட்ணம் குடும்ப ஒன்றியம்’ என்று மாற்றினார். அந்தப் புரோகிராமில் எல்லாரும் சமம். அது அவருக்குச் சரிப்படவில்லை. எந்த ஒன்றியத்தில் எல்லாரும் சமம்? ரொறொன்ரோவில் மூன்று தமிழர் சேர்ந்தால் ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர், மற்றவர் பிரிந்துபோய் வேறு ஒன்றியம் தொடங்குபவர். ஆகவே ஸ்ரீநிவாசனைக் கேட்டுக் கேட்டு ஒரு விதியை எழுதிச் சேர்த்தார்.

“முதல் உள்ளுக்கு வாற ஆள்தான் தலைவர்,” என்று கிளடிஸுக்கு விளக்கினார். “தலைவர் நினைச்சால் ஆரின்ர வாயையும் பூட்டலாம். உம்மட அண்ணா ஃபேர்னஸ் எண்டு தொடங்கட்டும், ஒரே அமத்து!”

“தலைவரை மாத்த ஏலாதோ?”

“ஏலாது. நான் எழுதின விதி.”

“நல்ல விதி,” என்றார் கிளடிஸ். கலியாணமாகி அவர் கணவரைப் பாராட்டியது அபூர்வம். யேசுரட்ணம் நெகிழ்ந்துபோனார்.

கட்டிய புரோகிராமைப் பிளொப்பியில் போட்டு, விட்பிக்கு அன்புராசாவுக்கும் மிசிசாகாவுக்குக் கிளடிஸின் சித்தப்பா அமிர்தநாதருக்கும் அனுப்பினார். சனிக்கிழமை நாலு மணிக்கு அங்குரார்ப்பணம். விழா என்றால் விழாதான். வரவேற்புரை, தலைமையுரை இரண்டையும் அவரே எழுதினார், இரண்டுக்கும் ஆள் அவர்தானே. கோட்டும் ரையும் எடுத்துவைத்தார்.

“ஆருக்கப்பா தெரியப்போகுது?” என்றார் கிளடிஸ்.

“தலைவருக்கு ஒரு கம்பீரம் வேணும்.”

மேலே கோட், கீழே சாரம். ரைதான் மக்கர் பண்ணியது. கண்ணாடிக்கு முன் நின்று கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். ஒருவழியாக முடிச்சு கழுத்துக்கு நேரே வந்தது. கம்பீரமாக வந்து கொம்பியூட்டருக்கு முன் அமர்ந்து, ஒன்றியத்துக்குள் நுழைந்தார்.

உள்ளே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். மேலே முதல் வரி: ‘தலைவர்: கிளடிஸ்.’

யேசுரட்ணம் திரும்பிப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில், பழைய கொம்பியூட்டருக்கு முன்னால், கிளடிஸ் பத்து விரலாலும் தட்டிக்கொண்டிருந்தார்.

‘தலைவர்: இனிச் சனிக்கிழமையளில எல்லாரும் எங்கட வீட்டை. இண்டைக்கே தொடக்கம். சம்மதமோ?’

‘அன்புராசா: சம்மதம் தங்கச்சி. எத்தினை வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறம்.’

‘அமிர்தநாதர்: ஓம் பிள்ளை. உன்ர கையால சாப்பிட்டு எவ்வளவு காலம்.’

யேசுரட்ணம் ஒற்றை விரலால் பாய்ந்தடித்துத் தட்டினார். ‘நான் இதை வன்மையாக’ என்று தொடங்கி, ‘ஆட்சேபிக்கிறேன்’ வரைக்கும் எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

திரை சொன்னது: ‘உங்கள் வாய் தலைவரால் பூட்டப்பட்டுள்ளது.’

அவர் எழுதிய வசனம். எழுத்துப்பிழைகூட இல்லை.

“கிளடிஸ்! திறவும்!”

“கொஞ்சம் பொறுங்கோ, ஏகமனதா நிறைவேறுது.”

‘அன்புராசா: மச்சான் ஒண்டும் சொல்லேல்லையே?’

‘தலைவர்: அவருக்கு முழுச் சம்மதம். வாய்பேசாமல் இருக்கிறார்.’

‘அன்புராசா: தங்கமான மனுசன். உன்ர மச்சாள் றோஸ்மேரி கறிச்சட்டியைக் காருக்குள்ள வச்சிட்டா. வாறம்.’

‘அமிர்தநாதர்: நாங்களும் வெளிக்கிட்டம்.’

ஒவ்வொரு பெயராக மறைந்தது. கொம்பியூட்டரை நிறுத்தலாம், வயரைப் பிடுங்கலாம், விதியைத் திருத்தி மறுபடி கட்டலாம். ஆனால் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருக்கிற காரை எந்தப் பொத்தானால் நிறுத்துவது? கிளடிஸ் எழுந்தார். முகம் பூரித்துப்போய்க் கிடந்தது. சமையலறையிலிருந்து இறைச்சிக்கறி வாசம் வந்தது. அது காலையிலிருந்தே வந்துகொண்டிருந்தது என்பது இப்போதுதான் யேசுரட்ணத்துக்கு உறைத்தது.

அவர் கழுத்திலிருந்த ரையைக் கழற்றப் போனார்.

“கழட்டாதேங்கோ,” என்றார் தலைவர். “சாரத்தை மட்டும் மாத்திப்போட்டு, கீழ லொபியில போய் நிண்டு அந்த வரவேற்புரையைச் சொல்லுங்கோ.”