மனானா மறுபடியும் ஃபெயில்

பெர்லின், ஞாயிற்றுக்கிழமை

ஹனோவரில் சுத்தமான ஜெர்மன் பேசி வாழும் என் அன்புள்ள அக்கா குட்ரூனுக்கு, தம்பி டெட்லெஃப் எழுதுவது. நான் நலம், என் முழங்கால் நலமில்லை. அத்தானின் இருமலும் உன் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மேல்மாடி மனானாவைப் பற்றிப் போனில் சொன்னேனே, ஜார்ஜியாக்காரி, தையல்கடை வைத்திருப்பவள், என்னைப் போலவே துணையை இழந்தவள். அவள் இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க ஜெர்மன் பரீட்சையில் தேற வேண்டும். தேறிய மறுநாளே என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்பதாக இருக்கிறேன். இப்போதே கேட்டால், விசாவுக்காகக் கிழவனைப் பிடித்தாள் என்று இந்தக் கட்டடமே பேசும். ஆகையால் வாயைக் கட்டிக்கொண்டு தினமும் சாயங்காலம் மாடி ஏறிப் பாடம் நடத்துகிறேன். பலன்? மறுபடியும் ஃபெயில்!

எல்லாம் 'உனக்கு' கேட்கும் இந்தப் பாழாய்ப்போன டேட்டிவ் வினைச்சொற்கள் செய்த வேலை. 'பார்' என்றால் 'உன்னை', 'உதவு' என்றால் 'உனக்கு'. சரி, ஒழியட்டும். 'நம்பு' என்றால் மட்டும் ஏன் 'உனக்கு நம்புகிறேன்'? அவள் கேட்கிறாள். ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவன் நான் என்னத்தைச் சொல்ல? பெர்லின்காரன் எவனுக்கு இந்த வித்தியாசம் தெரியும்? நம் அப்பா கடைசிவரை அம்மாவிடம் 'உனக்குக் காதலிக்கிறேன்' என்றுதான் சொன்னார், அம்மாவும் குறையில்லாமல் குடும்பம் நடத்தினாள். இதற்கிடையில் கீழ்வீட்டு ஃப்ராவ் குலிக்கே குப்பைத்தொட்டியருகே நின்றுகொண்டு, "என்ன டெட்லெஃப், டியூஷனுக்கா? சென்ட் வாசனை தூக்குதே, அதுவும் பாடத்துல வருதா?" என்கிறாள்.

வாய்மொழித் தேர்வில் என்ன நடந்தது என்று மனானா சொன்னபோது மானமே போய்விட்டது. "பரீட்சை வச்ச அம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு, இந்த ஜெர்மனை எந்த பீர்க்கடையில கத்துக்கிட்டீங்கன்னு கேட்டாங்க" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளோ, "விடுங்க, கத்தரிக்காய் ஆறுது. சாப்பிட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்" என்கிறாள்!

போதும் அக்கா, நான் கைகழுவிவிட்டேன். ஆசிரியையாக இருந்தவள் நீ. அவளை அங்கே அனுப்புகிறேன், எப்படியாவது தேற வைத்து அனுப்பு. அதுவரை என் சாயங்காலங்களை என்ன செய்வேனோ தெரியவில்லை. ஆனால் அவள் தேறாமல் நான் கேட்கவே முடியாதே!

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உன் பாவப்பட்ட தம்பி,
டெட்லெஃப்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் மாடிக்குப் போய், ஹனோவருக்குப் புறப்படச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் போன வருஷமே பாஸாயிட்டேன்" என்றாள்.

"அப்போ அந்தக் கண்ணாடியம்மா?"

"சும்மா சொன்னேன். அன்னைக்குப் பூங்காவுல உட்கார்ந்து கேக் தின்னேன்."

"ஏங்க இப்படிப் பொய் சொன்னீங்க?"

"பாஸாயிட்டேன்னு சொன்னா, அப்புறம் நீங்க எதுக்கு மாடி ஏறி வரப்போறீங்க?"

வந்த கோபத்தில் அங்கேயே கேட்டுவிட்டேன். "இதைக் கேக்க இவ்வளவு நாளா?" என்று முழங்கையால் இடித்தாள். ஜூனில் கல்யாணம். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. அத்தானோடு வந்து வயிறாரச் சாப்பிடு. யார் ஜெர்மனையும் திருத்தாதே.