மாலை போட்ட ஈரல்

தன் ஈரலைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். திண்டிவனத்தில் எனக்கு பைக் மெக்கானிக் கடை. வருஷம் முழுக்கக் குடிப்பேன். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவேன். அந்த ஒரு மண்டலம் சொட்டு தொடமாட்டேன். வண்டிக்கு ஆயில் மாற்றுகிற மாதிரி ஈரலுக்கும் வருஷா வருஷம் சர்வீஸ் ஆகிவிடுகிறது என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்து வைத்திருந்தேன். (மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே சர்வீஸ் முடிந்த வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பிவிடுவேன் என்பது வேறு விஷயம்.)

விழுப்புரத்தில் உரக்கடை வைத்திருந்த என் அண்ணனின் குடிக்கு இந்த இடைவேளைகூடக் கிடையாது. ஒரு கார்த்திகையில் கண் மஞ்சளாகி, வயிறு நீர் கோத்து வீங்கி, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். ஈரல் மாற்றினால்தான் பிழைப்பார், சொந்தத்தில் யாராவது ஒரு துண்டு கொடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அண்ணியின் ரத்த குரூப் சேரவில்லை. மகள் வித்யா பள்ளிக்கூடத்துப் பிள்ளை. கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான்.

கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் சந்தனம் சகிதமாக நான் முன்னால் வந்து நின்ற தோரணையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

"என்னுத எடுத்துக்கோங்க மேடம். மாலை போட்டுக்கினு இருக்கேன். சுத்தமான ஈரல்."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வித்யா காலில் விழுந்தாள். (மாலை போட்டவர்களின் காலில் மற்றவர்கள் விழுவது வழக்கம்தான். ஆனால் அந்தக் கும்பிடை ஐயப்பனுக்கு அனுப்பாமல் நானே வாங்கிக்கொண்டேன்.)

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எத்தன வருஷமா குடிக்கிறீங்க?"

"விட்டுட்டேன் மேடம். வருஷா வருஷம் விட்டுடுவேன்."

அவர் சிரிக்கவில்லை. "நீங்க குடிக்கிறத ஈரல் முதல்ல விஷமா மாத்தித்தான் அப்புறம் வெளிய தள்ளும். அந்த விஷத்துல தானும் கெட்டுப்போகும். கொஞ்ச நாள் நிறுத்தினா படிஞ்ச கொழுப்பு கரையும், வாஸ்தவம்தான். ஆனா தழும்பு அப்படிப் போகாது. உங்களுது முழுக்கத் தழும்பு."

"வலியே இல்லியே மேடம்?"

"ரொம்ப முத்துற வரைக்கும் தெரியாதுங்க. இதுல ஒரு துண்டு வெட்டினா நீங்களும் பிழைக்க மாட்டீங்க."

அண்ணன் படுத்திருந்த வார்டுக்கு வந்து சொன்னேன். அண்ணி சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். அண்ணன்தான் படுத்தபடியே சிரித்தார்.

"அடப்பாவி, எனக்குன்னு ஒரு துண்டு மிச்சம் வச்சிருக்கக் கூடாதா? அதையும் சேத்துக் குட்ச்சிக்கினு வந்து நிக்கிறியேடா."

வேறு ஈரல் கிடைக்கவில்லை. பொங்கலுக்கு முன்பே போய்விட்டார். சாவுத் தீட்டு, மலைக்குப் போகாமலே மாலையைக் கழற்றினேன். அன்று சாயங்காலம் எங்கும் கிளம்பவில்லை. அதற்குப் பிறகும்தான்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் நான் எதைக் கொடுக்கிறேன் என்றாலும், அது ஒரு சொம்புத் தண்ணீராக இருந்தாலும், "ஸ்கேன் எடுத்துட்டியா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். போன தை மாதம் வித்யாவுக்குக் கல்யாணம். தாரை வார்க்க அண்ணன் இடத்தில் நான் உட்காரட்டுமா என்று அவளிடமே கேட்டேன்.

"ஸ்கேன் எடுத்தீங்களா சித்தப்பா?" என்றாள்.

மணமகள் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் பதில் சொல்லட்டும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.